வீட்டுச் சாவியும் நம் பேச்சும்

(யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கும் தொழிலாளர் கூட்டமொன்றில் சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் நேரே வேலைக்கு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இன்று எல்லோருக்கும் ஒரே வேலை. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்களின் வீட்டைக் காக்கிறோம். வளவு கூட்டுகிறோம், மரத்துக்குத் தண்ணீர் விடுகிறோம், நாய்க்குச் சோறு வைக்கிறோம்.

முழு வீட்டின் சாவியையும் நம்பித் தருகிறார்கள். ஆனால் நாம் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். கதிரையில் இருக்கச் சொல்வதில்லை. ஏதாவது காணாமற் போனால் முதலில் நம் பையைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு சகோதரி சம்பள விடயமாக "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று வீட்டுக்காரரின் உறவினரிடம் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் 'பேசுவது' என்றால் ஏசுவது. நாம் பேசுவதை இங்கே 'கதைப்பது' என்பார்கள். "எனக்கே பேச வந்திட்டியோ?" என்று கேட்டுக் கேற்றைச் சாத்திவிட்டார்களாம்.

இது ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்தக்கூடிய சொல் வேறுபாடு. அப்படியிருக்க ஏன் கேற்று சாத்தப்பட்டது? அதே வீட்டுத் தொலைக்காட்சியில் சென்னை நாடகக்காரர் "வாங்க, பேசலாம்" என்றால் இனிக்கிறது. நாம் சொன்னால் "தோட்டக்காட்டுப் பேச்சு" ஆகிவிடுகிறது. ஆகவே சிரிப்பது பேச்சைப் பார்த்து அல்ல, பேசுகிறவரின் கூலியைப் பார்த்து. இதைச் சிரிப்பவர்களுக்கும் அனுபவம் உண்டு. சென்னைக்குப் போன யாழ்ப்பாணத்தாரை "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வலிப்பது இங்கேயும் வலிக்கும்.

இந்த ஏளனத்துக்கு வரலாறு உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் இந்த மண்ணிலும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. 'கள்ளத்தோணி', 'வடக்கத்தியான்' என்ற சொற்களும் இருந்தன. சட்டம் மாறிப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. வாய்ச்சொல் இன்னும் முழுதாக மாறவில்லை.

யாழ்ப்பாணத்தின் உழைக்கும் மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. தேநீர்க் கடையில் தனிப் பேணி வைத்த காலத்தில், 1957 ஆம் ஆண்டிலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பேணி கடையில் இருந்தது. 1966 க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு போராடித்தான் கடைகளையும் கோயில்களையும் திறக்க வைத்தார்கள். நாமும் ஒவ்வொருவராகக் கேற்றுக்கு முன்னால் நின்று கேட்டால் காரியம் நடக்காது.

சட்டம் நம்மை எங்கே வைத்திருக்கிறது? 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் வீட்டுப் பணியாளரைச் சேர்க்காமல் விட்டது. ஆனால் சர்வதேச தொழில் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம் நம்மைத் தொழிலாளர் என்றே சொல்கிறது. வேலை நிபந்தனைகளை விளங்கும்படி அறிவிக்க வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணிநேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. நம் கோரிக்கைக்கு அதுவே அடிப்படை.

இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள் இவை. சாவி வாங்கும் நாளில் வீட்டிலுள்ள பொருட்களைப் பட்டியலிடுங்கள். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பிறகு பையைச் சோதிக்கும் பேச்சு வந்தால் பட்டியல் பதில் சொல்லும். சம்பளம், சம்பள நாள், லீவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாயின் சாப்பாடு, மருந்து, விசர்நோய்த் தடுப்பூசிச் செலவு வீட்டுக்காரருடையது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்காரரின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பேச்சை மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான இரண்டு சொல்லை இரு பக்கமும் கற்றுக்கொண்டால் போதும். "கதைக்கோணும்" என்று நாம் சொல்லப் பழகுவோம். "பேசணும்" என்றால் சண்டை இல்லை என்று அவர்களும் அறியட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். 'தோட்டக்காட்டான்' என்றால் அந்த இடத்திலேயே, மரியாதையாக, "என் பெயர் இது" என்று சொல்லுங்கள். சொல்லப் பயமாயிருந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். இரண்டு பேராய் வந்து சொல்வோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பக்கத்து வளவில் வேலை செய்யும் ஒருவரை அழைத்து வாருங்கள். ஒப்பந்தப் படிவத்தை அன்று சேர்ந்து எழுதுவோம்.