மங்கிய கண்களும் நமது கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

சமயப் பேச்சுகள் நிகழும் இம்மேடையிலே கண்பார்வையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். "வயது போனால் கண் தெரியாதுதானே" என்னும் சொல் நம் வீடுகளிலே நாள்தோறும் கேட்கப்படுகின்றது. பிள்ளைகள் அதனைச் சொல்லுகிறார்கள். முதியோர் தாமும் அதனைச் சொல்லித் திருமுறைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் ஒதுங்கிவிடுகிறார்கள். அச்சொல் முழு உண்மை அன்று என்பதைக் காட்டுவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் நம் சமய வரலாற்றையே பார்ப்போம். திருவாரூரிலே வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்குளத்தைத் தாமே தோண்டிப் பெருப்பிக்க அவர் துணிந்தார். எங்ஙனம்? குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டையும் இணைத்துக் கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிச் சென்று, மண்ணை வெட்டிக் கூடையிலே சுமந்து வந்து கரையிலே கொட்டினார். பின்னர் அவர் திருவருளாற் கண்பெற்றதையே நாம் விரித்துப் பேசுகிறோம். ஆனால் கண் பெறுவதற்கு முன்னரே அவர் தொண்டு தொடங்கிவிட்டது. அதற்கு வேண்டியிருந்தவை இரண்டு தறியும் ஒரு கயிறுமே.

சுந்தரமூர்த்தி நாயனார் இரு கண்ணும் இழந்து திருவொற்றியூரை விட்டு வந்தபோது இறைவன் முதலில் அருளியது கண்ணன்று. திருவெண்பாக்கத்திலே ஓர் ஊன்றுகோல். அதன் பின்னரே காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. கண் கிடைக்கும் வரையும், கண் கிடையாத இடத்தும், கோலும் கயிறும் வேண்டும். கண்ணைக் கவனிக்க வேண்டியவர் வைத்தியர். கோலையும் கயிற்றையும் கொடுக்க வேண்டியவர் நாம்.

வைத்தியரின் பங்கை முதலில் நோக்குவோம். நாற்பது வயதளவில் கண்ணினுள் இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. கிட்டவுள்ள எழுத்து மங்குகிறது. இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இதற்கு எளிய மூக்குக்கண்ணாடியே போதும். அக்கண்ணாடியின் பெறுமதி படிப்போர்க்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் அசாம் மாநிலத்திலே, நாற்பது வயதும் அதற்கு மேலுமான தேயிலைத் தொழிலாளரிடையே நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதோரைவிட ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்ததாம். தோட்டங்கள் நிறைந்த நம் நாட்டினர் கருதவேண்டிய செய்தி இது.

அடுத்தது கண்புரை. வில்லையே கலங்கிப் பால்போலாவது இந்நோய். 1949ஆம் ஆண்டு இலண்டனிலே ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியர், கலங்கிய வில்லை நீக்கப்பட்ட கண்ணினுள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணிலே புகுந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைப் புண்படுத்தாதிருந்தமையைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது. மதுரையிலே கோவிந்தப்ப வெங்கடசாமி என்னும் கண் வைத்தியர், அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் பதினொரு கட்டில்களுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய கையுடனே அவர் சத்திரசிகிச்சை செய்தார். 1992 முதல் அந்நிறுவனத்தின் தொழிற்சாலையே வில்லைகளைச் செய்து மலிவாக வழங்கி வருகின்றது. புரையால் பார்வை குன்றிய ஒருவரை வயதின் பேரைச் சொல்லி வீட்டில் இருத்திவைப்பது இனி மன்னிக்கத்தக்கதன்று.

ஆயினும் எல்லா நோயும் புரையைப் போன்றவையல்ல. குளுக்கோமா என்னும் நோய் கண்நரம்பை ஓசையின்றி அரிக்கிறது, இழந்த பார்வை மீளாது, இருப்பதையே காக்கலாம். நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைக் கெடுக்கிறது. முதுமையிலே விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதும் உண்டு. அப்போது பக்கத்திலுள்ளவை தெரியும், நேரே நோக்கும் முகம் தெரியாது. ஆதலால் நாற்பது வயது கடந்தோர் கண்ணைச் சோதிப்பித்தல் நன்று. நீரிழிவுள்ளோர் ஆண்டுதோறும் சோதிப்பிக்க வேண்டும். திடீரெனப் பார்வை மறைந்தாலோ, மின்னல்போல் ஒளி தோன்றித் திரை விழுந்தாற்போல் இருந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சபையோர்களே, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று வைத்தியர் கூறினால், அது மருந்தைப் பற்றிய சொல். வாழ்க்கையைப் பற்றிய சொல் அன்று. எஞ்சிய பார்வையைக் கொண்டு இயன்றவரை காணச் செய்யும் வழிகள் உள. அவற்றை நான்காகக் கூறுவேன்.

முதலாவது ஒளி. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினர்க்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்கு அந்திமாலை. கூரையிலே தொங்கும் மின்குமிழைவிடப் புத்தகத்தின் அருகே வைக்கும் சிறு விளக்கே பயன் தரும். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். அவ்விளக்கு கண்ணிலே கூசாமல் தோளின் பின்புறமிருந்தோ பக்கத்திலிருந்தோ வரவேண்டும். வெயிலிலிருந்து கோயில் மண்டபத்தினுள் நுழையும்போது முதியோர் கண் இருளுக்குப் பழக நேரம் எடுக்கும். வாசலிலே சற்று நிற்கவிடுவோம், பின்னாலிருந்து நெருக்காதிருப்போம்.

இரண்டாவது அண்மை. ஒரு பொருளைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் அதன் உருவம் விழித்திரையில் இரட்டிப்பாகும். கிட்ட வைத்துப் படித்தாற் கண் பழுதாகும் என்று முதியோரைத் தடுப்பது தவறு, அதனால் தீங்கில்லை. உருப்பெருக்கும் கண்ணாடி உதவும். அதன் வலிமை கூடக்கூட அதனைக் கண்ணுக்குக் கிட்டவே பிடிக்கவேண்டும் என்பதைப் பொறுமையுடன் பழக்கவேண்டும். இன்று நம் கையிலிருக்கும் தொலைபேசியே எழுத்தைப் பெருப்பித்துக் காட்டுகிறது. தமிழை வாசித்தும் சொல்லுகிறது. அதனைப் பேரன் பேத்தி ஒருநாள் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாற் போதாது. பழகும்வரை பக்கத்திலிருக்க வேண்டும்.

மூன்றாவது நிறவேறுபாடு. வெள்ளைக் கோப்பையிலிட்ட வெண்சோறு மங்கிய கண்ணுக்குத் தெரியாது. வாழையிலையிலிட்ட சோறு தெரியும். உப்புப் பேணியிலும் சீனிப் பேணியிலும் தடித்த கறுப்பெழுத்தால் எழுதி ஒட்டலாம். கோயில் மதிலுக்கு வெள்ளையும் காவியுமாக மாறிமாறிப் பட்டை தீட்டுகிறோம். அந்தச் சுண்ணாம்பிலே ஒரு பட்டையை ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தீட்டினால், இறங்கும் கால் எங்கே படி முடிகிறதென அறியும். மதில் விழப்போவதில்லை, ஆச்சி விழக்கூடும். முதுமையிலே ஒரு விழுகை, நடமாடிய ஒருவரைக் கட்டிலோடு கிடத்திவிடுகின்றது.

நான்காவது ஒழுங்கு. பார்வை குறைந்தவர் தம் வீட்டை நினைவினாற் காண்கிறார். கதிரையை நகர்த்துவதும், கதவைப் பாதி திறந்து விடுவதும், நடைபாதையில் வாளியை வைப்பதும் அவருடைய கயிற்றை அறுப்பதாகும். வழிநடத்தும்போது அவரைப் பின்னின்று தள்ளாமலும், கோலைப் பிடித்து இழுக்காமலும், நம் முழங்கைக்கு மேலே அவரைப் பற்றவிட்டு அரை அடி முன்னே நடக்கவேண்டும்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். முதியவர் முன் நின்று, "நான் ஆரெண்டு சொல்லுங்கோ பார்ப்பம்" என்று விளையாட்டாகக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கேட்பவர்க்கு அது வேடிக்கை. விடை தெரியாது விழிப்பவர்க்கு அது தலைகுனிவு. "அப்பு, நான் இன்னார் வந்திருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுவோம். எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போவோம். வெறுங் கதிரையோடு அவரைப் பேசவிடலாகாது.

இன்னொன்றும் கூறவேண்டும். பார்வை மிகக் குன்றிய சிலர்க்கு, இல்லாத மனிதரும் பூக்களும் கோலங்களும் கண்முன் தோன்றுவதுண்டு. ஜெனீவா நகரத்து அறிஞர் சார்ள்ஸ் பொனே, தம் பாட்டனாருக்கு இவ்வாறு தோன்றியதை 1760இல் எழுதினார். அவர் பெயராலேயே இந்நிலை வழங்குகின்றது. இதில் தோன்றுவோர் பேசுவதில்லை. காண்பவரும் இது மெய்யன்று என்று பெரும்பாலும் அறிவார். இது பேயுமன்று, பித்துமன்று. காட்சி குறைந்தபோது மூளை தானே தீட்டும் சித்திரம். வெளியே சொன்னாற் பைத்தியம் என்பார்களே என அஞ்சி எத்தனையோ முதியோர் மௌனமாயிருக்கக்கூடும். அவர்களை அன்போடு கேட்டு, வைத்தியரிடம் கூட்டிச் செல்லுதல் நம் கடன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடி மக்களுக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களுட் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை, தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. இத்தொகையை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. நம் வீதியில் எத்தனைபேர் என்று எண்ணத் தொடங்குவோம். 1961ஆம் ஆண்டு ஹட்சன் சில்வா என்னும் வைத்தியர் நிறுவிய கண்தானச் சங்கத்தால் நம் நாட்டவர் உலகெங்கும் கண் வழங்கும் கீர்த்தி பெற்றனர். அத்தானம் கருவிழி பழுதுற்றோர்க்கு உதவுவது. அதனைக் கொடுக்க நாம் இறக்கவேண்டும். விளக்கும் கயிறும் கொடுக்க நாம் இருந்தாலே போதும்.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்கின்றேன். ஒன்று: நம் ஊரில் நாற்பது வயதைக் கடந்தோரின் பெயர்களை வீடு வீடாக எழுதி, கண் சோதனைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பை இளைஞர் ஏற்றல். இரண்டு: கோயில் நிருவாகத்தாரின் அனுமதி பெற்றுப் படிகளின் விளிம்புகளுக்கு வண்ணம் தீட்டுதலும், இருண்ட மூலைகளில் விளக்கிடுதலும். மூன்று: இம்மலரும் நமது பூசைப் பாடல் தொகுப்பும் பளபளப்பற்ற தாளிலே, 16 அல்லது 18 புள்ளி எழுத்திலே சில பிரதிகளாயினும் அச்சிடப்படுதல், அதுவும் இயலாதோர்க்கு வாரம் ஒருமுறை சென்று வாசித்துக் காட்டுதல். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1652 அளவில் முற்றாகப் பார்வை இழந்தார். 1667இல் வெளிவந்த அவரது பெருங்காவியம், அவர் சொல்லப் பிறர் எழுதியது. எழுதியும் வாசித்தும் உதவ ஒருவர் இருந்தாற் கண்ணிழந்தோர் அறிவு வீணாவதில்லை. நம் முதியோரிடம் உள்ள பாட்டும் பழங்கதையும் ஊர் வரலாறும் கேட்பாரின்றி அவர்களோடு மறைந்துவிடக் கூடாது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கண் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் சொன்னாற்றான் எங்களால் உதவமுடியும். தண்டியடிகள் கயிற்றைப் பிடித்ததால் அவர் பெருமை குறையவில்லை. நாயனாராக வைத்து அவரை நாம் வணங்குகிறோம்.

இளைஞர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ அமரும் இடத்தைப் பாருங்கள். அங்கே விளக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் அதனை அருகே நகர்த்துங்கள். பணி அங்கிருந்தே தொடங்கட்டும். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைபுரிவதாக.