பாலில்லா இல்லமும் பிள்ளைகள் நலமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழில் நனிசைவம் என வழங்கும் வீகன் உணவைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். ஊனும் முட்டையும் மட்டுமன்றி, பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் நீக்கிய உணவு அது. 1944 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியபொழுது வீகன் என்னும் சொல்லும் பிறந்தது. கொள்கையின் பெருமையைப் பேச நாம் இங்கு வரவில்லை. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் அவையில் அதற்குத் தேவையுமில்லை. கன்றுக்குரிய பாலைக் கன்றுக்கே விடுவோம் என்று ஒரு குடும்பம் துணிந்தால், பிள்ளைகள் வாடாவண்ணம் அதனை நிறைவேற்றுவது எவ்வாறு? இதுவே நம்முன் உள்ள வினா.

இவ்வினா புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே 1910 ஆம் ஆண்டில் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில், நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர் பலர் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார். அப்பண்ணையில்தான் 1912 ஆம் ஆண்டில் அடிகள் பாலைத் துறந்தார். ஆயினும் பின்னாளில் கடும் நோயுற்றபொழுது, மருத்துவரும் கஸ்தூரிபா அம்மையாரும் வற்புறுத்த, ஆட்டுப்பாலை ஏற்க நேர்ந்தது. அது அவர்தம் உள்ளத்தை நெடுநாள் உறுத்தியது. பாலுக்கு ஈடான தாவர உணவு யாதென்று அறிஞர்களை வினவினார்.

அன்று அறியப்படாத செய்தியொன்றை இன்று நாம் அறிவோம். பி12 என்னும் உயிர்ச்சத்தை ஆக்குவன நுண்ணுயிர்களே. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் அது இல்லை. அச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது 1948 ஆம் ஆண்டில். அடிகள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. ஆதலின், தம் உடலைக் கொண்டு சோதித்த பெரியவருக்குக் கிட்டாத அறிவு நமக்குக் கிட்டியிருக்கிறது. அதனைப் பயன்படுத்தாது, பிள்ளைகளின் உடலைச் சோதனைக் களமாக்குதல் தகாது.

எங்கள் இல்லத்தில் முதலில் நேர்ந்த பிழையைக் கூறுவது பிறர்க்குப் பயன்படும். ஒரு திங்கட்கிழமை காலையில் பாலை அடியோடு நிறுத்தினோம். மூன்றாம் நாள் எங்கள் இளைய மகன் உணவுப் பெட்டியைத் திறவாமலே பள்ளியிலிருந்து கொண்டுவந்தான். தயிர்ச்சோறு இல்லாத பெட்டி அவனுக்கு வேற்றூராகத் தோன்றியது போலும். அப்பொழுது அன்னையார் சினங்கொள்ளாமல் ஒன்று சொன்னார்: “எடுக்கிறதை எடுங்கள், அதற்கு முன்னாலே வைக்கிறதை வையுங்கள்.” அன்றுமுதல் அதுவே எங்கள் இல்லத்து விதியாயிற்று.

முதல் மாதத்தில் எதையும் நீக்கவில்லை, சேர்த்தோம். காலையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் இட்ட கேழ்வரகுக் கஞ்சி. மாலையில் சுண்டலும் எள்ளுருண்டையும். முருங்கைக்கீரை வாரம் இருமுறை. குளிர்காலத்தில் வடபுலத்துக் கடைகளில் மலிந்திருக்கும் எள்ளுக் கஜக்கும் நமக்கு உறவுப்பண்டமே. இரண்டாம் மாதத்தில் நெய்யின் இடத்தை நல்லெண்ணெய் பெற்றது. தயிரைக் கடைசியில்தான் தொட்டோம். தோல் நீக்கி ஊறவைத்த நிலக்கடலையை அரைத்துப் பிழிந்து, அப்பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியபின் மிளகாய்க் காம்புகளை இட்டு மூடி வைத்தால் உறையும். அதனை உறையாகக் கொண்டு மறுமுறை தோய்ப்பது சுவையாக அமையும். கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டிய சோற்றை மகன் உண்டான். பெட்டி காலியாக வந்தது.

அளவு அறிதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஆம் ஆண்டில் வகுத்தபடி, 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. 100 கிராம் பசும்பாலில் அது ஏறத்தாழ 120 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350. எனினும் தானியத்திலும் எள்ளிலும் உள்ளது முழுவதும் உடலில் சேர்வதில்லை. முளைகட்டுதலும் ஊறவைத்தலும் ஓரளவு துணைசெய்யும். சுண்ணாம்புச்சத்து சேர்த்த சோயாப்பாலும் உதவும். பருப்பும் கீரையும் உண்ணும்பொழுது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பின் இரும்புச்சத்து நன்கு ஏறும்.

பி12 மட்டும் நம் அடுக்களையில் கிட்டாது. இட்லி மாவின் புளிப்பை நம்பியிருத்தல் கூடாது. மருத்துவர் கூறும் அளவில் மாத்திரையோ மருந்துநீரோ தவறாது கொடுத்தல் வேண்டும். வளர்ந்தோர் உடலில் இச்சத்தின் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்பதால் குறை தாமதமாகவே தெரியும். குழந்தைகளுக்கோ அச்சேமிப்பு சிறிது. பால்கொடுக்கும் தாயும் இதனை மறவாது உட்கொள்க. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தேங்காய்ப்பாலோ கடலைப்பாலோ ஒருபோதும் தருதல் ஆகாது. ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும், அரைத்தே தருக.

கடையில் வாங்கும் பண்டத்தில் பச்சைப் புள்ளி இருப்பதால் அதில் பால் இல்லை என்று கொள்ளற்க. பால்மாவு கலந்த ரொட்டிக்கும் அப்புள்ளி உண்டு. நனிசைவப் பண்டங்களுக்கெனத் தனிவிதிகளை அரசு 2022 ஆம் ஆண்டில் வகுத்தது. பச்சை நிற ‘வி’ எழுத்துடைய குறியே அவற்றுக்கு அடையாளம்.

இறுதியாக ஒன்று. அன்னையார் இன்றும் தம் தயிரைத் தனிக்கிண்ணத்தில் தோய்த்து உண்கிறார், நாங்கள் தடுப்பதில்லை. அண்டை வீட்டுப் பிறந்தநாள் விழாவில் மகன் ஒரு துண்டு இனிப்பை உண்டு வந்தால் அவனைக் குற்றவாளியாக்குவதுமில்லை. கன்றின்பால் இரக்கம் கொள்ளக் கற்பிக்கும் இல்லம், தன் முதியோரிடத்தும் மழலைகளிடத்தும் அவ்விரக்கத்தைக் காட்டுதல் வேண்டுமன்றோ?