கம்பும் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் சிலம்பப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



"கம்பு சுத்தக் கத்துக்கொடுக்கிறவங்களுக்குப் புத்தகத்துல என்ன வேலை?"ன்னு நீங்க கேக்கலாம். நான் வாரத்துல ஒரு நாள்தான் மலைக்கு வர முடியுது. மழை பிடிச்சா அதுவும் இல்லை. சாமை அறுப்பு, புளி உலுக்கற காலம் வந்துட்டா பிள்ளைங்க காட்டுக்குப் போயிடுறாங்க. திரும்பி வரும்போது காலடி மறந்திருக்கும். மத்தவங்க முன்னால தப்பு செய்யக் கூச்சப்பட்டு அப்படியே நின்னுடுறாங்க. நான் பார்த்த வரைக்கும் முதல்ல நிக்கிறது பொண்ணுங்கதான். அதனாலதான் இந்தப் பேச்சு.

நம்ம குழுவுக்குப் பஞ்ச சூத்திரம் உண்டு. கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, அஞ்சாவது கணக்கு எழுதறது. அந்த அஞ்சாவது இல்லேன்னா முதல் நாலும் நிக்காது; வங்கியும் நம்பாது. சிலம்பத்துக்கும் அதே கதைதான். வாய்ப்பாடமா வந்த கலை இது. எழுதி வைக்காத ஆசானோட அவருடைய அடிவரிசையும் போய்விடும்.

நம்ம மலையடிவாரத்தையே எடுத்துக்குங்க. செங்கம் பக்கத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை படித்து, 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே போட்டிருக்கிறது. எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பெயரும், கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் இருக்கு. எழுதினதால நாய்க்குக்கூட 1,400 வருஷமா பேர் நிக்குது. ஆனா அந்த வீரன் எப்படிக் காலடி வச்சான், யார்கிட்ட கத்துக்கிட்டான்னு கல்லுல இல்லை. அது போனது போனதுதான்.

அதனால முதல் புத்தகம் கடையில வாங்கறது இல்லை, நாமே எழுதறது. பயிற்சி முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ஒவ்வொரு பிள்ளையும் நாலு வரி எழுதட்டும்: இன்னிக்கு என்ன வீச்சு, எந்தக் கால் முன்னால, எங்க தடுமாறினேன், எத்தனை தடவை செஞ்சேன். அடுத்த வாரம் நான் முதல்ல அந்த நோட்டைத்தான் பார்ப்பேன்.

ரெண்டாவது, அச்சுப் புத்தகம். படம் பார்த்துக் கத்துக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. படத்துல இருக்கிறவர் நம்மைப் பார்த்து நின்னா, அவர் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும். அப்படியே செஞ்சா எல்லாம் தலைகீழாகிவிடும். அதனால ஒருத்தி புத்தகத்தைச் சத்தமாப் படிக்கணும், இன்னொருத்தி செய்யணும், மூணாவது ஆள் காலை மட்டும் பார்க்கணும். குழுவா இருக்கிற நமக்கு இது புதுசில்லை. வேகம், கம்போட எடை, மூச்சு இதெல்லாம் படத்துல வராது. அதனால ஏற்கனவே கத்துக்கிட்டதை நினைவுபடுத்திக்க மட்டும் புத்தகம். புது அடி ஆசான் முன்னாலதான்.

வர்மம் விஷயத்துல இதைக் கண்டிப்பாச் சொல்றேன். ஓலைச்சுவடியில இருந்த 'வர்ம சூத்திரம்' 1994-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியா அச்சுல வந்திருக்கு. படிக்கலாம், பெருமைப்படலாம். ஆனா படிச்சதை இன்னொருத்தர் உடம்புல சோதிச்சுப் பார்க்கக் கூடாது.

மூணாவது, சட்டப் புத்தகம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. நம்மைக் காத்துக்க அடிக்க உரிமை உண்டு. தேவைக்கு மேல் அடிக்க உரிமை இல்லை. கம்பு பிடிக்கிற கைக்கு இந்த ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். கூடவே பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 நோட்டின் முதல் பக்கத்துல இருக்கட்டும்.

நாலாவது, உடம்பைப் பத்தின புத்தகம். மாதவிலக்கு நாள்ல ஆடலாமான்னு ஆண் ஆசான்கிட்டக் கேக்கப் பல பிள்ளைங்க தயங்குவாங்க. ஆடலாம், வலி இருந்தா ஓய்வு எடுக்கலாம், வலி அதிகமா இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். இதை ஒரு புத்தகம் கூச்சமில்லாமச் சொல்லும்.

விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறது. மலைப் பொண்ணு அந்த வரிசையில நிக்கணும்னா போட்டி விதியும் படிக்கணும், விண்ணப்பமும் படிக்கணும்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டுதான். கூட்டம் நடக்கிற கட்டடத்தில் ஒரு அலமாரி. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. கம்புக்கு மூங்கில் இருக்கு. நோட்டுக்கு நீங்க இன்னிக்கே ஒரு தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க. எழுதினாத்தான் அது நிக்கும்.