குழந்தையின் குடலும் வெற்றுக் குழாயும்

பெங்களூரில் பிரேசர் டவுன் என்னும் பகுதியை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடம் அது. இன்று அதற்குப் புலிகேசி நகர் என்றும் பெயர் உண்டு. 1898-ஆம் ஆண்டு பிளேக் நோய் பெங்களூரை வாட்டியது. அதன் பின்னர், நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தோரைக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகளில் குடியமர்த்துவதற்காகவே இப்பகுதி வகுக்கப்பட்டது. 1910-ல் ரெசிடெண்டு ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அதற்கு இட்டனர். நோய் வீட்டினுள் புகுந்துவிடலாகாதே என்பது அன்றைய கவலை. இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் அதே கவலை வேறொரு வடிவில் இருக்கிறது. அங்கே காக்கவேண்டியது வீட்டை அன்று, ஒரு சிறு சோதனைக் குழாயை.

பச்சிளங் குழந்தையின் குடலில் என்னென்ன வைரஸ்கள் உள்ளன என்று அறிய இக்காலத்தில் ஒரு வழி உண்டு. மலத்தில் சிறிதளவு எடுத்து, அதிலுள்ள மரபுப்பொருளைப் பிரித்துப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை இயந்திரத்தால் படிக்கிறார்கள். படிப்பதில் இயந்திரம் வல்லதுதான். ஆனால், படித்தது குழந்தையிடமிருந்து வந்ததா, குழாயிலிருந்தும் இரசாயன நீரிலிருந்தும் வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

சிசுக்களைப் பொறுத்தமட்டில் இவ்வையம் மிகப் பெரிது. பிறந்தவுடன் கழியும் கரிய முதல் மலத்தில் வைரஸ் அநேகமாக இராது. அமெரிக்காவில் ஒரு குழந்தையை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரையில், முதல் மலத்தில் வைரஸ் எதுவும் காணப்படவில்லை என்றும், ஒரு வாரம் கழிந்ததும் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி அளவில் இருந்தது என்றும் கண்டனர். பிலடெல்பியாவில் புஷ்மன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதை ஒட்டியே சென்றது. அதில் இன்னொன்றும் தெரியவந்தது: மனித உயிரணுக்களைப் பற்றும் வைரஸ்கள் தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளிடம் குறைவாக இருந்தன. ஆக, முதல் நாள் மாதிரியில் குழந்தைக்கு உரியது மிகச் சொற்பம். ஒரு குடம் நீரில் விழுந்த உப்புக்கல் தெரியாது. ஒரு கரண்டி நீரில் விழுந்தால் கரிக்கும்.

அவ்வாறு கரித்த கதை ஒன்று உண்டு. 2013-ல் சீனாவில், காரணம் புலப்படாத ஈரல் அழற்சி கொண்ட நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு புதிய வைரஸைக் கண்டதாக அறிவித்தனர். பத்து நோயாளிகளில் ஏழு பேரிடம் அது இருந்தது. நலமாயிருந்த 45 பேரில் ஒருவரிடமும் இல்லை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ என்று எவரும் எண்ணுவர். ஆனால் அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் சியூ குழுவினர் அதைத் துருவி ஆராய்ந்தபோது, அந்த வைரஸின் மரபுப்பொருள் நோயாளியிடமிருந்து வந்ததன்று என்பது வெளிப்பட்டது. மரபுப்பொருளை வடித்தெடுக்கும் சிறு குழல்களில் சிலிகா வைத்திருப்பார்கள். அக்குழல்களில் தூய நீரை ஊற்றி வடித்தாலும் அந்த "வைரஸ்" வந்தது! கடல்நீரிலிருந்து எடுத்த மரபு வரிசைகளிலும் அதன் சாயல் தென்பட்டது. டயாட்டம் என்னும் கடல்வாழ் நுண்ணுயிரின் ஓட்டில் சிலிகா உண்டு. அவ்வழியே அது குழலுக்குள் வந்திருக்கலாம் என்று ஐயுறுகின்றனர்.

அப்படியாயின் நலமுள்ளோரிடம் அது ஏன் காணப்படவில்லை? இரு சாராரின் மாதிரிகளும் ஒரே தொகுதிக் குழல்களில் வடிக்கப்படாவிட்டால் இத்தகைய மயக்கம் நேரக்கூடும். ஆகவேதான் ஒரு வெற்றுக் குழாயை, அதாவது வெறும் தூய நீரை, மாதிரியோடு தொடக்கம் முதல் முடிவு வரை உடன் அனுப்பவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். அதிலும் அதே வைரஸ் தோன்றினால் குழந்தையின்மேல் பழியில்லை. செலவைக் கருதி இதை விட்டுவிடுவோரும் உளர். அது தவறான சிக்கனம் என்பதே என் கருத்து.

ஆயினும் எதிர்பாராத வைரஸ் எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் ஆகாது. 2010-ல் ரோட்டாரிக்ஸ் என்னும் குழந்தைகளுக்கான வயிற்றுப்போக்குத் தடுப்புமருந்தில் பன்றி வைரஸ் ஒன்றின் மரபுப்பொருள் இருப்பதாக எரிக் டெல்வார்ட் குழுவினர் கண்டனர். இது மெய்யாகவே மருந்தில் இருந்தது. தயாரிப்பில் பயன்பட்ட பன்றியின் டிரிப்சின் வழியே வந்ததாகக் கருதப்பட்டது. அமெரிக்க அரசு மார்ச் மாதம் மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னது. அவ்வைரஸ் மனிதரிடம் நோய் உண்டாக்குவதாக அறியப்படவில்லை என்று தேர்ந்து மே மாதம் மீண்டும் அனுமதித்தது.

பெங்களூரிலேயே வேறொரு வழக்கு உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த துர்கா ராவ் குழுவினர், நோய்க்குறி ஏதுமற்ற பச்சிளங் குழந்தைகளிடம் ரோட்டா வைரஸ் ஒன்றைக் கண்டனர். ஐ321 எனப் பெயரிட்ட அதன் மேலுறைப் புரதங்கள் இரண்டும் மாட்டு வைரஸின் புரதங்களை ஒத்திருந்ததை 1993-ல் வெளியிட்டனர். மாட்டு வைரஸ் சிசுவிடம் எங்ஙனம் வரும், மாசாக இருக்குமோ என்று கேட்கத் தோன்றுமல்லவா? ஆனால் அது ஒரு குழந்தையிடம் மட்டும் கண்ட வரிசை அன்று. பலரிடம் இருந்தது, உயிரணு வளர்ப்பில் வளர்ந்தது, பிறரும் எடுத்துச் சோதிக்க முடிந்தது. பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் அதே இனம் பிறந்த குழந்தைகளிடம் தென்பட்டது. டில்லியில் ஒரு சிசுவிடம் கிடைத்த வேறோர் இனத்திலும் மாட்டு வைரஸின் மரபணு ஒன்று கலந்திருந்தது. அந்த டில்லி இனத்திலிருந்து செய்யப்பட்டதே ரோட்டாவாக் என்னும் சொட்டுமருந்து. 2016-ல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.