பெண்கள் நோயும் ஆயுர்வேதமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பொதுக்கூட்டத்தில் பேசத் தகாதது என்று பலரால் கருதப்படுவதாகும். மாதவிலக்கு, கர்ப்பம், கருப்பை நோய் என்று சொன்னாலே சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறார்கள். ஆனால் இவற்றிற்கென்று லேகியமும் அரிஷ்டமும் விற்கிறவன் ஊர்ச் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டினால் யாருக்கும் வெட்கம் வருவதில்லை. பேசுவதற்கு மாத்திரம் வெட்கம்! அந்த வெட்கந்தான் அந்த வியாபாரிக்கு மூலதனமாய் இருக்கிறது. ஆகையால் ஒளிவு மறைவின்றிப் பேசுவோம்.

“ஆயுர்வேதம் ரிஷிகள் சொன்னது, மிகப் பழமையானது, ஆகவே கெடுதல் செய்யாது” என்கிறார்கள். பழமை ஒரு மருந்துக்கு யோக்கியதாபத்திரம் ஆகுமா? அம்மை நோயுங்கூடத்தான் பழமையானது. அதற்காக அதை வைத்துக்கொண்டோமா?

அந்த நூல்களில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. சரகரும் சுசுருதரும் பெண்களின் பிறப்புறுப்பு நோய்களை இருபது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வயிற்றில் சிக்கிக்கொண்ட சிசுவை வெளியே எடுக்கும் முறை சுசுருதத்தில் இருக்கிறது. இது கண்ணால் பார்த்து, கையால் செய்து அறிந்த அறிவு. இதை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அதே சுசுருதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விலக்கான பெண் பகலில் தூங்கினால் பிறக்கும் பிள்ளை தூங்குமூஞ்சியாகுமாம். மை தீட்டினால் குருடாகுமாம். எண்ணெய் தேய்த்தால் குஷ்டம் வருமாம். சிரித்தால் பிள்ளையின் பல்லும் உதடும் கறுத்துப்போகுமாம். தோழர்களே, இது வைத்தியமா? பெண்ணை மூலையில் உட்காரவைப்பதற்கு வைத்தியத்தின் பேரால் போட்ட விலங்கா? மனுதர்மம் சொன்னால் எதிர்க்கிறோம். அதையே வைத்தியர் சொன்னால் கைகட்டிக் கேட்கிறோம்.

சரகத்தில் ‘பும்ஸவனம்’ என்று ஒரு சடங்கு வருகிறது. கர்ப்பமானவளுக்குப் பூச நட்சத்திரத்தில் ஆலந்துளிரைத் தயிரில் கலந்து கொடுத்தால் ஆண் பிள்ளை பிறக்குமாம். பிள்ளை ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும் அந்த நிமிஷத்திலேயே, தகப்பனுடைய விந்தணுவினால் தீர்மானமாகிவிடுகிறது. இதற்கான அடிப்படையை 1905-ம் வருஷத்தில் கண்டவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் ஒரு பெண்மணி. தீர்மானமான பிறகு ஆலந்துளிர் என்ன செய்யும்? அது கிடக்கட்டும், பெண் பெற்றவள் மேல் பழி போட்டு, இரண்டாந்தாரம் தேடிய கணவன்மார் எத்தனை பேர்! பழிக்குரியவன் என்று யாரையாவது சொல்லித்தான் தீரவேண்டுமானால், அது தகப்பனேயல்லாமல் தாயல்ல.

இப்பொழுது “ஹார்மோனைச் சமப்படுத்தும் ஆயுர்வேதம்” என்று புதிதாய் ஒரு விளம்பரம் புறப்பட்டிருக்கிறது. ஹார்மோன் என்ற பெயரே 1905-ல்தான் ஏற்பட்டது. பெண்ணின் சினைப்பையில் உண்டாகும் ஹார்மோன் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தது 1929-ல். ஏட்டில் இருப்பது வாதம், பித்தம், கபம். பிறர் உழைத்துக் கண்ட பெயரை எடுத்துப் பழைய புட்டியின் மேல் ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிடுமா? ஹார்மோன் இரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய வஸ்து. சமப்படுத்துகிறேன் என்கிறவர், மருந்துக்கு முன் எவ்வளவு இருந்தது, பின் எவ்வளவு என்று அளந்து காட்டட்டும்.

“சாப்பிட்டால் நஷ்டம் என்ன?” என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். கர்ப்பத்தைக் காக்கும் என்று கொடுக்கப்படும் கர்ப்பபால ரசத்தின் பழைய முறையில் நாகபஸ்பம் சேருகிறது. நாகம் என்றால் ஈயம்! அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 2011, 2012 வருஷங்களில் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈய நஞ்சு இருந்ததைச் சுகாதார அதிகாரிகள் கண்டார்கள். ஈயம் தாயோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போய் அதன் மூளையைக் கெடுக்கிறது. காக்கக் கொடுத்த மருந்தே கெடுப்பதானால் அதற்கு என்ன பேர் வைப்பது?

இதனினும் பெரிய நஷ்டம் காலநஷ்டம். விலக்கு நின்றுபோன ஒரு தாய்க்கு மறுபடி இரத்தம் படுகிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அசோகாரிஷ்டம் வாங்கி ஆறு மாதம் குடிக்கிறாள். அது கருப்பைவாய்ப் புற்றுநோயாக இருந்தால், அந்த ஆறு மாதந்தான் அவள் உயிர். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். வராமல் தடுக்க ஊசியும் இருக்கிறது. இந்த தேசத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கு சொல்லுகிறது. அவர்களுக்கு வேண்டியது வயிறு நிறையச் சோறு, கீரை, பருப்பு, இரும்புச்சத்து மாத்திரை. ஆண்கள் உண்டு மிஞ்சியதை அவளுக்கு வைத்துவிட்டு, பிறகு லேகியம் வாங்கித் தருவது யாரை ஏமாற்ற?

“இங்கிலீஷ் வைத்தியம் மட்டும் யோக்கியமோ?” என்பார்கள். அதையும் சோதித்தே கொள்ளவேண்டும். கர்ப்பம் கலையாமலிருக்க என்று டி.இ.எஸ். என்னும் செயற்கை ஹார்மோனை மேல்நாட்டு டாக்டர்கள் அனேக பெண்களுக்குக் கொடுத்தார்கள். அது பயன்படவில்லை என்று 1953-ல் ஒப்பிட்டுச் சோதித்துக் கண்டார்கள். பிறகும் விற்பனை நிற்கவில்லை. 1971-ல், அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பெண்களுக்குப் புற்றுநோய் வருவது தெரிந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதே என்று சர்க்கார் எச்சரித்தது. குற்றம் அங்கேயும் நடக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது எது? சோதனை. தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் வழி ஒரு வைத்தியத்தில் இருக்கவேண்டும். ரிஷி வாக்கில் தப்பே இராது என்றால் தப்பைத் திருத்துவது எப்படி?

தண்ணீர்விட்டான் கிழங்கிலும் அசோகப்பட்டையிலும் குணம் இருக்கலாம். இருந்தால் சோதித்து, அளவு கண்டு, எல்லோருக்கும் கொடுக்கட்டும். முதலில் வரவேற்பவர்கள் நாமாகவே இருப்போம். அதுவரையில், மாதவிலக்குக் கோளாறைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்காதீர்கள்.

தாய்மார்களே! எந்த வைத்தியரானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் என்ன சேர்ந்திருக்கிறது? இதனால் குணமானதை யார், எப்படிச் சோதித்தார்கள்? குணமாகாவிட்டால் எத்தனை நாளில் வேறு வழி பார்ப்பது? பதில் சொல்லக் கோபிக்கிறவரிடம் மருந்து வாங்காதீர்கள். ஆண்களே! உங்கள் வீட்டுப் பெண்கள் நோயைச் சொல்ல வாய் திறக்கும்படியாக நடந்துகொள்ளுங்கள்.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறோம்.