படியில் பிசகாது, பைசாவில் பிசகும்

அரூரிலிருந்து மலையேறிச் சித்தேரிக்குப் போனவர்கள் அங்கே சாமைக் கொல்லைகளைப் பார்த்திருப்பீர்கள். தராசு வருவதற்கு முன்னால் இந்தத் தானியத்தையெல்லாம் நம் ஆட்கள் படியால்தான் அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். கவனித்தீர்களா, எல்லாமே இரட்டிப்புதான்.

கணினியும் இப்படித்தான் எண்ணுகிறது. அதற்குத் தெரிந்தது பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அதனால் அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் கணினிக்குள் துல்லியமாக உட்கார்ந்துவிடும். ஆனால் நம் பழைய கணக்கில் மா என்று ஒன்று உண்டு, இருபதில் ஒரு பங்கு. காணி, எண்பதில் ஒன்று. முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த மூன்றுக்குள்ளும் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. எத்தனை முறை பாதியாக்கிக்கொண்டே போனாலும் அந்த ஐந்து கரையாது. பைசாவுக்கும் அதே கதி. ஐம்பது பைசா பிரச்சினை இல்லை, இருபத்தைந்தும் இல்லை. பத்துப் பைசா என்றால் கணினி ஓர் ஓரத்தை வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். அந்தப் பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டச் சொன்னால் ஒரு ரூபாய் வராது. 0.9999999999999999 என்று வரும்.

சித்தேரியில் ஒரு குழு சாமை கொள்முதல் செய்து, மைஎஸ்க்யூஎல் என்ற இலவசத் தரவுத்தளத்தில் கணக்கு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1995-ல் வெளிவந்த மென்பொருள் அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவருடைய மகளின் பெயர் ‘மை’. அந்தப் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். தொகை எழுதும் கட்டத்துக்கு ஃப்ளோட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சின்னத் தொகை வரைக்கும் ஒன்றும் தெரியாது. 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் அந்த வகையால் ரூபாயின் 64-ல் ஒரு பங்காகத்தான் நகர முடியும். அதாவது ஒன்றரைப் பைசாவுக்குக் கொஞ்சம் மேலே. தொகை 1,67,77,216 ரூபாயைத் தாண்டிவிட்டால் படி இன்னும் பெரிதாகிவிடும், இரண்டிரண்டு ரூபாயாகத்தான் ஏறும். 1,67,77,217 என்று எழுதினால் அந்த ஒரு ரூபாயைக் காணோம். மாதக் கடைசியில் சிட்டை ஒன்று சொல்லும், கணினி ஒன்று சொல்லும். யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் அப்போதுதான் கிளம்பும்.

இதற்கு மருந்து எளிது. பணத்துக்குப் பத்துப் பத்தாக எண்ணும் டெசிமல் வகை. இல்லையென்றால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் எழுதிவிடலாம். டெசிமல் கொஞ்சம் மெதுவானது என்பது உண்மைதான். ஒரு மலைக் கிராமத்தின் கணக்குக்கு அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

வகையை மாற்றினால் மட்டும் போதாது. ஈரப்பதத்துக்குக் கழிக்கும்போது பைசாவுக்குக் கீழே மிச்சம் விழும். அதை அப்படியே வெட்டி எறிவதா, பக்கத்துப் பைசாவுக்குச் சரிசெய்வதா? 1982-ல் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று தசமத்துக்கு அப்பால் இருந்ததை வெட்டி எறிந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 3,000 முறை இப்படி வெட்டினார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு வந்து நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் 1098! வெட்டு எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். கொள்முதலில் என்றால் விளைவித்தவர் பக்கம்.

இனி வேகத்துக்கு வருவோம். சித்தேரிப் பக்கம் குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஆளைத் தேடி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டுவது ஒரு வழி. பெயர் வரிசைப்படி எழுதிய பதிவேட்டைப் புரட்டுவது இன்னொரு வழி. தரவுத்தளத்தில் அந்தப் பதிவேட்டை இன்டெக்ஸ் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு நூறு குறிப்பு என்றால், மூன்றே பக்கம் புரட்டிப் பத்து லட்சம் வரியில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

இன்டெக்ஸ் இருந்தும் தேடல் இழுக்கிறது என்று சிலர் புலம்புவார்கள். கேள்விக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்ற சொல்லைச் சேர்த்தால், எந்த வழியாகத் தேடப் போகிறது என்று தரவுத்தளமே சொல்லிவிடும். பல நேரம் குற்றவாளி ஒரு மேற்கோள் குறி. வங்கிக் கணக்கு எண்ணை எழுத்தாகத்தான் சேமித்திருப்பார்கள். முன்னால் இருக்கும் சுழியம் தொலையாமல் இருக்க அதுதான் சரியான முறை. ஆனால் தேடும்போது மேற்கோள் குறி போடாமல் வெறும் எண்ணாகக் கேட்டுவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல் அதற்கும் தலையாட்டும். இன்டெக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றி மாற்றி ஒப்பிடும். வீடு வீடாகக் கதவு தட்டும் கதைதான். அந்த ஒப்பீடும் பாதி பாதியாக எண்ணும் மிதவைப் புள்ளி எண்ணில் நடக்கும். சுமார் 9,000 லட்சம் கோடிக்கு மேல் அதற்கு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. சுழியத்தில் தொடங்காத பதினேழு இலக்கக் கணக்கு எண் அதைவிடப் பெரிது. இருக்கும் கணக்கை இல்லை என்று சொல்லலாம், பக்கத்துக்காரர் கணக்கையும் சேர்த்துக் காட்டலாம். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனதில் நேரமும் போச்சு, கணக்கும் போச்சு.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் வேர்விட்ட போஸ்ட்கிரெஸ் இன்னொரு இலவசத் தரவுத்தளம். எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் அது முடியாது என்று கேள்வியையே திருப்பி அனுப்பிவிடும். அதற்கு முகம் கொடுத்துப் பேசத் தெரியாது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சாமைப் பணம் யார் கணக்கில் ஏற வேண்டும் என்று தேடும் இடத்தில் எனக்கு அந்தச் சிடுமூஞ்சியைத்தான் பிடிக்கும்.