உங்க ஊர் கிணத்துல தண்ணி எத்தனை அடியில? கணக்கு நம்ம கையிலயும் இருக்கணும்!

(கடலூர் மாவட்ட இளைஞர் சந்திப்பில் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.)



உங்க கிணத்துல இன்னிக்கு தண்ணி எத்தனை அடியில இருக்கு? போன வருஷம் இதே மாசம் எத்தனை அடியில இருந்துச்சு?

"ரொம்ப கீழ போயிடுச்சு"ன்னு எல்லாரும் சொல்வோம். எத்தனை அடின்னு கேட்டா பதில் இருக்காது. நம்ம பலவீனம் அங்கதான் இருக்கு.

நெய்வேலி கதையே தண்ணியிலதான் தொடங்குது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல ஆழ்துளைக் கிணறு போட்டப்போ, தண்ணியோட கருப்பா ஒண்ணு வெளிய வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் வந்தது, 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது, 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோட அடைபட்டுக் கிடக்குற ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியைத் தூக்குற பலம். மேல இருக்குற மண்ணை எடுத்துட்டா, அந்தத் தண்ணி சுரங்கத்தோட தரையைப் பிளந்துக்கிட்டு மேல வந்துடும். அதனால சுரங்கத்தைச் சுத்தி போர் போட்டு, ராத்திரி பகலா தண்ணியை இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கிறாங்க. சுரங்கப் பாதுகாப்புக்கு இது தேவை. நிறுவனமும் இதை மறைக்கல.

ஆனா இறைக்கிற இடத்துல மட்டும் நீர்மட்டம் இறங்காது. ஒரு புனலை நினைச்சுப் பாருங்க. நடுவுல ஆழம், விளிம்பு நோக்கிப் போகப் போக மேடு. அந்தப் புனலோட விளிம்பு எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கு? கம்மாபுரம் பக்கம் எவ்வளவு, குறிஞ்சிப்பாடி பக்கம் எவ்வளவு? இது அளந்தாத்தான் தெரியும்.

அளக்கிறதே இல்லைன்னு நான் சொல்லல. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு முறை கண்காணிப்புக் கிணறுகளை அளக்குது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கின திட்டங்கள் ஆறு மாசத்துக்கு ஒரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1-ல், நிபந்தனைகளை எப்படி நிறைவேத்துனாங்கன்னு அறிக்கை கொடுக்கணும். 2006 அறிவிக்கையின்படி அது பொது ஆவணம். ஆனா அந்த எண்கள் நம்ம ஊராட்சிப் பலகைக்கு வருதா?

நாம பேசினா, "விவசாயிங்க மோட்டார் போட்டுத்தான் நீர்மட்டம் இறங்குச்சு"ன்னு பதில் வரும். அதுலயும் உண்மை இருக்கு. நெல்லுக்கும் கரும்புக்கும் நாமளும் இறைக்கிறோம். எதனால எவ்வளவு இறங்குச்சுன்னு பிரிச்சுச் சொல்ல, சுரங்கத்துலேர்ந்து வேற வேற தூரத்துல, வேற வேற ஆழத்துல, வருஷக்கணக்கான அளவு வேணும். அது இல்லாம ரெண்டு பக்கமும் பேசுறது வெறும் பேச்சுதான்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இவ்வளவுதான்:

✅ ஊருக்கு ரெண்டு திறந்தவெளிக் கிணறு தேர்ந்தெடுங்க. மாசம் ஒரு நாள், விடியக்காலையில, மோட்டார் போடுறதுக்கு முன்னாடி, எடை கட்டின டேப்பை இறக்கி அளங்க. எப்பவும் ஒரே இடத்துலேர்ந்து அளங்க. கைப்பிடிச் சுவரோட உயரத்தைக் கழிச்சுடுங்க. கிணத்துக்குள்ள யாரும் இறங்க வேண்டாம்.

✅ தேதி, ஆழம், அந்த மாசம் பெய்த மழை மூணையும் நோட்டுல எழுதுங்க. அரசுக் கணக்கு மீட்டர்ல இருக்கும், 1 மீட்டர்னா 3.28 அடி.

✅ திறந்தவெளிக் கிணறு காட்டுறது மேல்மட்டத் தண்ணியை. கீழ அடைபட்ட நீர்த்தேக்கம் வேற. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசாதீங்க. ஆழத்துல இருக்கிறதைத் தெரிஞ்சுக்க, பீசோமீட்டர்னு சொல்ற கண்காணிப்புக் குழாய்களோட அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும்.

✅ மார்ச் 22, உலக தண்ணீர் நாள் கிராம சபையில தீர்மானம் போடுங்க: "எங்க ஊரைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை மூணு மாசத்துக்கு ஒரு முறை ஊராட்சிப் பலகையில், தமிழில் எழுத வேண்டும்."

முதல் வருஷ நோட்டு ஒண்ணையும் நிரூபிக்காது. அஞ்சாவது வருஷம் அந்த நோட்டோட போய் நின்னா, எந்த அதிகாரியும் "ஆதாரம் எங்கே"ன்னு கேக்க முடியாது. ஆட்சி மாறும், அதிகாரி மாறுவார், நோட்டு நம்மகிட்ட இருக்கும்.

இந்த மாசமே ஆரம்பிங்க. முதல் அளவை எடுத்ததும் ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க தோழர்களே!

#ஊர்க்கிணறு_ஊர்க்கணக்கு
#நீர்மட்டத்தைப்_பலகையில்_எழுது